வயதான பெற்றோரோடு சிச்சென் இட்சா போகிறவர்களுக்கு

டெக்சாஸ் பக்கம் இருக்கும் நம்மவர்கள் பலரும், ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கும்போது ஒரு லாங் வீக்கெண்ட் பார்த்து மெக்ஸிகோவின் கடற்கரை ஊரான கான்கூன் போய் வருவது வழக்கமாகிவிட்டது. டல்லாஸிலிருந்து மூன்று மணி நேர விமானம்தான். கடற்கரையில் பிள்ளைகள் விளையாடுவார்கள், நடுவில் ஒரு நாள் சிச்சென் இட்சாவில், அந்த மண்ணின் பழங்குடிகளான மாயன்கள் கட்டிய பிரமிடைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கணக்கு. நாங்களும் போன மே மாதக் கடைசியில் அப்படித்தான் கிளம்பினோம். போவதற்கு முன்னால் நான் நிறையப் படித்தேன். எந்த ஹோட்டல், எந்த பீச், பிரமிடு முன்னால் எங்கே நின்று போட்டோ எடுக்கலாம் என்பதெல்லாம் பக்கம் பக்கமாகக் கிடைத்தது. எழுபதைத் தாண்டிய, பி.பி.யும் சுகரும் இருக்கிற ஒருவர் அந்த வெயிலில் மயங்கி விழுந்தால் யாரைக் கூப்பிடுவது, எந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போவது, அங்கே பணம் எப்படிக் கட்டுவது என்று ஒரு வரிகூடக் கண்ணில் படவில்லை. அதைத்தான் இங்கே நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

சிச்சென் இட்சா போக வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. அவர் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மாயன்கள் ஒரு புள்ளி, ஒரு கோடு, ஒரு சிப்பி என்ற மூன்றே குறிகளை வைத்து எல்லா எண்களையும் எழுதினார்கள், சிப்பிதான் பூஜ்யம், பத்துக்குப் பதிலாக இருபதை அடிப்படையாக வைத்து எண்ணினார்கள் என்று என் மகளுக்கு அவர் டல்லாஸ் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அங்கே இருக்கும் குகுல்கான் பிரமிடில் நாலு பக்கமும் பக்கத்துக்கு 91 படி, மேலே கோயில் மேடையையும் ஒரு படியாகச் சேர்த்தால் 365 என்று தெரிந்ததும், "இதைப் பார்க்காம நான் ஊருக்குப் போறதா இல்லம்மா" என்று சொல்லிவிட்டார்.

விசா விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்திய பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு, செல்லுபடியாகும் அமெரிக்க விசா பாஸ்போர்ட்டில் இருந்தால் மெக்ஸிகோவுக்குத் தனி விசா தேவையில்லை. பெற்றோரின் டூரிஸ்ட் விசாவே போதும். ஆனால் ஹெச்1பி வேலை விசாவில் இருந்துகொண்டு, நீட்டிப்புக் கடிதம் மட்டும் கையில் இருக்கிறது, பாஸ்போர்ட்டில் உள்ள ஸ்டாம்ப் காலாவதியாகிவிட்டது என்றால் அதை நம்பி டிக்கெட் போட வேண்டாம். மெக்ஸிகோவுக்குள் நுழைய அவர்கள் பார்ப்பது ஸ்டாம்பைத்தான். கான்கூன் இருக்கும் கின்டானா ரூ மாநிலம் வெளிநாட்டுப் பயணிகளிடம் 'விசிடாக்ஸ்' என்று ஒரு வரி வாங்குகிறது. மாநில அரசின் தளத்தில் மட்டும் கட்டுங்கள். அதே பெயரில் அதிகப் பணம் கேட்கும் வேறு தளங்கள் தேடலில் மேலே வந்து நிற்கும்.

கஷ்டம் ஏர்போர்ட்டிலேயே ஆரம்பித்தது. கார் ஆன்லைனில் புக் செய்தபோது ஒரு நாளைக்கு பத்து டாலருக்கும் குறைவாகக் காட்டியது. கவுண்டருக்குப் போனதும், மூன்றாம் நபருக்கான இன்சூரன்ஸ் தனி, அது இல்லாமல் சாவி தர முடியாது என்றார்கள். அந்த இன்சூரன்ஸ் மெக்ஸிகோவில் சட்டப்படி கட்டாயம்தான், அதில் பொய் இல்லை. நம் அமெரிக்க கார் இன்சூரன்ஸ் அங்கே செல்லாது. கிரெடிட் கார்டு தரும் பாதுகாப்பு நாம் ஓட்டும் காருக்கு ஆகும் சேதத்துக்குத்தான், நாம் இடித்துவிடும் அடுத்தவருக்கு அல்ல. ஆனால் புக்கிங் பக்கத்தில் இதை எங்கேயும் கண்ணில் படும்படி போடவில்லை. தினசரி வாடகையைப் போல மூன்று மடங்கு இன்சூரன்ஸுக்கே போனது. அதற்கு மேல், முழு கவரேஜ் வேண்டாம் என்றால் கார்டில் 2,000 டாலர் பிடித்து வைப்போம், காரைத் திருப்பிக் கொடுத்ததும் விடுவிப்போம் என்றார்கள். என் கணவர் சரி என்று தன் கார்டைக் கொடுத்தார். பிள்ளைகள் தரையில் பெட்டி மேல் உட்கார்ந்து தூங்கி வழிய, சாயங்காலம் முழுக்க அந்த கவுண்டரிலேயே போய்விட்டது. அந்த 2,000 டாலர் பிறகு எங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைச் சொல்கிறேன். உங்களுக்கு நான் சொல்வது, எல்லா இன்சூரன்ஸும் உள்ளடக்கிய மொத்த விலையை எழுத்தில் தரும் இடத்தில் மட்டும் புக் செய்யுங்கள். டெபாசிட் பிடிக்க ஒரு கார்டு, செலவுக்கு வேறு கார்டு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் பங்க்கில் அங்கே ஆள்தான் போட்டு விடுவார். மீட்டர் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று இறங்கி நின்று பாருங்கள். நோட்டைக் கொடுக்கும்போது எத்தனை பெசோ என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள். 500 பெசோ நோட்டும் பழைய 20 பெசோ நோட்டும் இரண்டுமே நீலம், இரண்டிலும் அவர்களுடைய பழைய ஜனாதிபதி பெனிடோ ஹுவாரெஸ் முகம்தான். நாங்கள் 500 கொடுக்க, அந்தப் பையன் கையை விரித்து 20-ஐக் காட்டினான். மறுபடி 500 கொடுத்துவிட்டு வந்தோம். பெரிய தொகை இல்லை, ஆனாலும் அப்பா அம்மா முன்னால் அப்படி நிற்க நேர்ந்தது என் கணவருக்கு ரொம்ப நேரம் மனதை அரித்தது.

கான்கூனிலிருந்து சிச்சென் இட்சா 200 கிலோமீட்டர் இருக்கும். சுங்கச் சாலையில் இரண்டரை மணி நேரம். காட்டைக் கிழித்துக்கொண்டு நேர்கோடாகப் போகும் நல்ல சாலை, ஆனால் வழியில் இறங்குமிடமும் பங்க்கும் மிகக் குறைவு. டேங்கை நிரப்பிக்கொண்டு, சுங்கத்துக்கு பெசோவாகவே ரொக்கம் வைத்துக்கொண்டு ஏறுங்கள். நடுவில் மாநில எல்லை தாண்டும்போது கடிகாரம் மாறும். கின்டானா ரூவை விட யுகடான் மாநிலம் ஒரு மணி நேரம் பின்னால். போகும்போது ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும், திரும்பும்போது அது போய்விடும். அன்றைக்கே விமானம் பிடிக்க வேண்டியவர்கள் இதை மறந்தால் தவித்துப் போவார்கள்.

பிள்ளைகளை எழுப்பி, சாப்பிட வைத்து, அம்மாவுக்கு வெறும் பீன்ஸும் சோறும் தேடி, நாங்கள் போய்ச் சேர்ந்தபோது யுகடான் நேரப்படி காலை பத்து தாண்டியிருந்தது. கான்கூன் ஹோட்டல்களிலிருந்து கிளம்பும் டூர் பஸ்கள் எல்லாம் வந்து சேரும் நேரம் அதுதான். நுழைவுச் சீட்டு இரண்டு தனித்தனி கவுண்டரில் வாங்க வேண்டியிருந்தது. ஒன்று மத்திய அரசின் தொல்லியல் நிறுவனத்துக்கு, இன்னொன்று யுகடான் மாநிலத்துக்கு. வெளிநாட்டவருக்கு இரண்டும் சேர்த்து ஆளுக்கு 600 பெசோவுக்கு மேல். வரிசை பார்க்கிங் வரை வளைந்து நின்றது. அப்பாவும் அம்மாவும் அந்த வரிசையில் நின்றதே ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் மெக்ஸிகோ மக்களுக்கு மத்திய அரசின் சீட்டு இலவசம் என்பதால் இதைவிடவும் கூட்டம் இருக்கும் என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார்.

உள்ளே போனதும் நான் கவனித்தது, நிழல் என்று ஒன்று அங்கே இல்லை என்பதைத்தான். வாசலிலிருந்து வரும் பாதையில் மரங்கள் உண்டு. பிரமிடு நிற்கும் மைதானத்துக்குள் கால் வைத்தால் சுற்றிலும் வெட்டவெளி. யுகடான் முழுக்கவே சுண்ணாம்புப் பாறை. வெள்ளையாக இருக்கும் அந்தத் தரையிலிருந்தும் கற்களிலிருந்தும் வெயில் எதிரடித்து முகத்துக்கு வருகிறது. காற்றில் ஈரம் வேறு. அந்த இடம் இருக்கும் அட்சரேகைக்கு, மே கடைசி வாரத்தில் நண்பகல் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்கும். அப்பா தன் காலடியைக் காட்டி, "பாரு கண்ணு, தாத்தாவோட நிழலைக் காணோம்" என்று என் மகளிடம் விளையாட்டாகச் சொன்னார். ஏப்ரலும் மேயும்தான் அங்கே உச்சக் கோடை என்பதைப் பிறகு டாக்டர் சொல்லித் தெரிந்துகொண்டேன். வயதானவர்களோடு போவதானால் டிசம்பர், ஜனவரி, பிப்ரவரியில் போங்கள். வேறு வழியே இல்லை, மேயில்தான் லீவு என்றால் அவர்களைக் கடற்கரையில் நிழலில் உட்கார வையுங்கள்.

ஆனாலும் அந்த முதல் அரை மணி நேரத்தில் அப்பா பட்ட சந்தோஷத்தை நான் மறைக்க விரும்பவில்லை. பிரமிடின் ஒன்பது அடுக்குகளையும் நடுவில் படிக்கட்டு இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு பக்கத்துக்கு 18 துண்டு. மாயன் வருஷத்துக்கு 18 மாசம், மாசத்துக்கு 20 நாள். "பதினெட்டு இருபது முன்னூத்தி அறுபது, மிச்சம் அஞ்சு நாள் தனியா வச்சுக்கிட்டாங்க" என்று விரல் நீட்டி எண்ணி எண்ணிச் சொன்னார். வடக்குப் படிக்கட்டு முன்னால் நின்று கை தட்டினால், எதிரொலி கை தட்டலாகத் திரும்பாமல் ஒரு பறவை கீச்சிடுவது போலத் திரும்புகிறது. கெட்ஸால் பறவையின் குரல் அது என்கிறார்கள். பேரனும் தாத்தாவும் மாற்றி மாற்றித் தட்டினார்கள். மார்ச்சிலும் செப்டம்பரிலும் பகலும் இரவும் சமமாகும் நாட்களில் அந்தப் படிக்கட்டு ஓரத்தில் நிழல் பாம்பாக நெளிந்து இறங்கி, கீழே இருக்கும் கல் தலையோடு சேரும் என்பதை வழிகாட்டி ஒருவர் பக்கத்துக் குழுவுக்கு விளக்க, நாங்களும் நின்று கேட்டோம். மேலே ஏற இப்போது யாருக்கும் அனுமதி இல்லை, அதனால் அந்தப் பயம் வேண்டாம். பிறகு பந்து மைதானம். 168 மீட்டர் நீளம், இருபுறமும் உயரச் சுவர், அதில் தலைக்கு மேல் எட்டாத உயரத்தில் கல் வளையம். அங்கேயும் நிழல் சுவரோரம் ஒரு கீற்றுத்தான்.

அப்பா தண்ணீர் குடிக்கவில்லை என்பதை அம்மாதான் முதலில் கவனித்தார். கேட்டதற்கு, "பாத்ரூம் வாசல்லல்ல இருக்கு, அடிக்கடி அவ்வளவு தூரம் நடக்க முடியுமா" என்றார். நம் வீட்டுப் பெரியவர்கள் வெளியே போனால் எல்லோருமே இப்படித்தான், கழிப்பறை தூரம் என்றால் வாயைக் கட்டிவிடுவார்கள். பாட்டில் பையில் நிரம்பியே இருக்கும், கேட்டால் குடித்தேன் என்பார்கள். உங்கள் பெற்றோரின் பாட்டிலை வாங்கி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று கண்ணால் பாருங்கள். அரை மணிக்கு ஒரு முறை உங்கள் முன்னாலேயே குடிக்க வையுங்கள். வெறும் தண்ணீரோடு உப்புச் சேர்ந்த பானமும் வேண்டும். அங்கே எந்தக் கடையிலும் எலெக்ட்ரோலிட் என்று பாட்டில் விற்கிறார்கள்.

பந்து மைதானத்திலிருந்து புனிதக் கிணற்றுக்குப் போகும் பாதையில்தான் அது நடந்தது. மாயன்கள் போட்ட பழைய வெள்ளைச் சாலை அது, 300 மீட்டர் இருக்கும். இருபுறமும் வியாபாரிகள் மர முகமூடியும் துணியும் பரப்பி வைத்திருப்பார்கள். அப்பா பேச்சை நிறுத்தினார். பிறகு என் மகளின் பெயருக்குப் பதிலாக என் பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிட்டார். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் ஒரு கடை மேசையைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்தார். முகமூடிகள் அவர் மேலேயே விழுந்தன. சட்டைக்குள் கை வைத்தேன். உடம்பு கொதித்தது, வேர்வை இல்லை. அந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக்கூடாது என்பது இப்போது எனக்குத் தெரியும். பேச்சு குழறுவது, ஆளை மாற்றிக் கூப்பிடுவது, வேர்வை நின்றுபோவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நிழலுக்குக் கொண்டுபோய்ப் படுக்க வைத்து, கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் தண்ணீரை ஊற்றிக் குளிரவைக்க வேண்டும். சுயநினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாயில் எதையும் ஊற்றக்கூடாது.

இதையெல்லாம் அந்த நேரத்தில் செய்தது நான் இல்லை, அந்தக் கடைக்கார அம்மாள். பூவேலை போட்ட வெள்ளை உடை அணிந்த மாயன் பெண்மணி. தன் பொருள்கள் கீழே விழுந்ததைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விற்க வைத்திருந்த துணி ஒன்றை எடுத்து ஐஸ் பெட்டித் தண்ணீரில் முக்கி அப்பா கழுத்தில் சுற்றினார். தன் மகனிடம் அவர்கள் மொழியில் ஏதோ கத்த, அவன் வாசலை நோக்கி ஓடினான். அட்டை ஒன்றால் விசிறிக்கொண்டே என் முதுகை ஒரு கையால் தடவிக் கொடுத்தார். பணம் நீட்டியபோது வாங்கவில்லை. மாயன்கள் அழிந்துபோன இனம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவர்கள் தயவுசெய்து அதை நிறுத்துங்கள். லட்சக்கணக்கான பேர் இன்றும் அந்த மொழி பேசிக்கொண்டு அந்த மண்ணிலேயே இருக்கிறார்கள். என் அப்பாவைக் காப்பாற்றியது அவர்களில் ஒருவர்.

வீல்சேர் வந்தது, வாசலில் முதலுதவி அறை இருந்தது, அங்கிருந்து ஆம்புலன்ஸ் கூப்பிட்டார்கள். மெக்ஸிகோவிலும் அவசர எண் 911தான். ஆம்புலன்ஸில் ஒருவர்தான் ஏறலாம் என்றதால் நான் ஏறினேன். கணவர் பிள்ளைகளையும் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு காரில் பின்னால் வருவதாக ஏற்பாடு. அம்மாவை அந்த நிலையில் விட்டுவிட்டுக் கதவைச் சாத்தியபோது எனக்கு அடிவயிறு கலங்கியது. ஆம்புலன்ஸ்காரர் ரொக்கம் கேட்டார். கையிலிருந்த பெசோவையெல்லாம் எண்ணிக் கொடுத்தேன். உங்களில் ஒருவர் கையிலாவது ஒரு மூவாயிரம் பெசோ தனியாக, மற்ற செலவைத் தொடாமல் வைத்திருங்கள்.

போனது வாயாதோலித், முக்கால் மணி நேர தூரத்தில் இருக்கும் சின்ன ஊர். தனியார் ஆஸ்பத்திரி. டாக்டர் முதலில் கேட்டது என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று. அம்மாவின் கைப்பையை வாங்கி வந்திருந்தேன். அதில் இருந்த மாத்திரை அட்டைகளைப் பார்த்ததும் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. நம் ஊர் மெடிக்கல் ஷாப்பில் பத்து மாத்திரை கேட்டால் அட்டையைக் கத்தரித்துக் கொடுப்பார்கள் அல்லவா? மருந்தின் பெயர் இருந்த பகுதி வெட்டிப் போய், காலாவதித் தேதியும் விலையும் மட்டும் மிச்சம் இருந்தது. சென்னையில் தம்பிக்கு ஃபோன் போட்டேன். அங்கே ராத்திரி ஒன்றரை மணி. அவன் பதறி எழுந்து பழைய சீட்டைத் தேடி போட்டோ எடுத்து அனுப்பினான். அதில் இருந்த கம்பெனிப் பெயர் டாக்டருக்குப் புரியவில்லை. பிறகு மூலப் பெயரைத் தேடிச் சொன்னேன். டெல்மிசார்ட்டன், ஹைட்ரோகுளோரோதயசைடு, மெட்ஃபார்மின். சொன்னவுடன் தலையாட்டினார், ஸ்பானிஷிலும் ஏறக்குறைய அதே பெயர்கள்தான். இந்த ஒன்றை மட்டுமாவது இன்றைக்கே செய்து வையுங்கள்: அப்பா அம்மா சாப்பிடும் ஒவ்வொரு மாத்திரையின் மூலப் பெயர், மில்லிகிராம், எத்தனை வேளை, என்னென்ன அலர்ஜி, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அவர்கள் பாஸ்போர்ட்டுக்குள்ளேயே மடித்து வையுங்கள்.

அந்த இரண்டாவது மாத்திரை சிறுநீரை அதிகம் பிரியச் செய்யும் வகை. பி.பி.க்காகக் கொடுப்பது, உடம்பில் உப்பையும் நீரையும் குறைக்கும். தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நின்றவருக்கு அதுவே வினையாகிவிட்டது என்றார் டாக்டர். சோடியம் ரொம்ப இறங்கியிருந்தது, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் க்ரியாட்டினின் ஏறியிருந்தது. பெற்றோரை வெயில் நாட்டுக்குக் கூட்டிப் போகுமுன் அவர்கள் டாக்டரிடம் இந்த மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை கேளுங்கள். நீங்களாக நிறுத்திவிட வேண்டாம், கேளுங்கள்.

டிரிப்ஸ் ஏற்ற ஆரம்பித்த கையோடு, அட்மிஷனுக்கு 40,000 பெசோ டெபாசிட் கட்டச் சொன்னார்கள். 2,000 டாலருக்கு மேல். என் கார்டைத் தேய்த்தார்கள், நிராகரித்தது. மறுபடி தேய்த்தார்கள், அதேதான். வெளிநாட்டில் திடீரென்று பெரிய தொகை என்பதால் பேங்க் நிறுத்தி வைத்திருந்தது. என் அமெரிக்க நம்பருக்கு எஸ்எம்எஸ் வந்தால் ஆமாம் என்று பதில் போட வேண்டும். நானோ அங்கே மலிவாக டேட்டா வேண்டும் என்று உள்ளூர் ஈசிம் போட்டிருந்தேன், அமெரிக்க லைனுக்கு சிக்னலே வரவில்லை. கணவரின் கார்டில் வாடகைக் காருக்காகப் பிடித்து வைத்த 2,000 டாலர் போக மிச்சம் இருந்த லிமிட் இதற்குப் போதாது. கவுண்டரில் இருந்த பெண் பொறுமையாகத்தான் இருந்தாள், ஆனால் ஒவ்வொரு முறையும் "தர்ஹேத்தா, தர்ஹேத்தா" என்று கார்டைத்தான் கேட்டாள். திரைக்கு அந்தப் பக்கம் அப்பா முனகும் சத்தம் கேட்கிறது. இந்தப் பக்கம் நான் வாழ்நாளில் பார்க்காத ஒரு ஊரில், மொழி தெரியாமல், பணம் இருந்தும் கட்ட முடியாமல் நிற்கிறேன். அந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நான் வாய்விட்டு அழுதேன். அவ்வளவு தனியாக நான் எப்போதும் இருந்ததில்லை.

கடைசியில் ஆஸ்பத்திரி வைஃபையைக் கேட்டு வாங்கி, பேங்க் ஆப்புக்குள்ளேயே இருந்த சாட்டில் பேசி, ஆப் வழியாகவே தொகையை உறுதி செய்து, கணவர் வந்து சேர்ந்தபோதுதான் பணம் கட்டி முடித்திருந்தேன். கிளம்புமுன் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அமெரிக்க லைனை முழுக்க அணைக்காதீர்கள், டேட்டா ரோமிங்கை மட்டும் நிறுத்திவிட்டு எஸ்எம்எஸ் வர விடுங்கள். வைஃபை காலிங்கை ஊரிலேயே போட்டு வையுங்கள். பேங்க் ஆப்பில் அனுமதி கொடுக்கும் வசதியை முன்னதாகவே ஒரு முறை சோதித்துப் பாருங்கள். இரண்டு வெவ்வேறு பேங்க் கார்டு, இருவர் பையில். மெஷின் பெசோவா டாலரா என்று கேட்டால் எப்போதும் பெசோ. டாலர் என்றால் அவர்கள் போடும் மாற்று விலை நமக்கு நஷ்டம்.

அன்றிரவு அப்பாவுக்கு ஜுரம் இறங்கியது. விடிகாலையில் என் பெயரை எனக்கே சொல்லிக் கூப்பிட்டார். மறுநாளும் வைத்திருந்து, சோடியத்தை மெதுவாக ஏற்றித்தான் விட வேண்டும், அவசரப்படுத்தினால் மூளைக்கு ஆபத்து என்று டாக்டர் கைபேசி மொழிபெயர்ப்பில் தட்டிக் காட்டினார். அவருடைய நிதானம்தான் என்னை நிமிர வைத்தது. மருத்துவத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பில்தான் பயமுறுத்தியது. கையுறை, ஊசி, ஒவ்வொரு டிரிப்ஸ் பாட்டில் என்று தனித்தனியாக ஏறி, மொத்தம் 62,000 பெசோ. கட்டினால்தான் டிஸ்சார்ஜ். பணம் கட்டிய ரசீது மட்டும் போதாது, 'ஃபாக்துரா' என்ற வரி ரசீதைக் கேட்டு வாங்குங்கள். வரிவரியாகப் பிரித்த பில், லேப் ரிப்போர்ட், டாக்டர் கையெழுத்தும் முத்திரையும் போட்ட மருத்துவச் சுருக்கம், இவை எல்லாம் கையில் வந்த பிறகு வெளியே வாருங்கள். ஊருக்கு வந்துவிட்டு மெயிலில் கேட்டால் வாரக்கணக்கில் இழுக்கும். கூடவே விமானத்தில் போகலாம் என்ற டாக்டர் கடிதமும் வாங்கினோம், ஏர்லைன்ஸ் கவுண்டரில் அதைக் கேட்டார்கள்.

அப்பா தேறும் வரை வாயாதோலித்திலேயே ஒரு சின்ன ஹோட்டலில் தங்கினோம். எங்களுக்கு ஆறுதல் தந்த ஊர் அது. ஊர் நடுவிலேயே சாசி என்ற செனோட்டே இருக்கிறது, சுண்ணாம்புப் பாறை உள்வாங்கி உண்டான பெரிய கிணறு. வடக்கு யுகடானில் தரைமேல் ஆறு கிடையாது, தண்ணீரெல்லாம் பாறைக்கு அடியில். சிச்சென் இட்சாவே அப்படிப்பட்ட கிணறுகளை நம்பி எழுந்த நகரம்தான். மகனுக்கு வயிறு சரியில்லாமல் போனபோது ஹோட்டல்காரர் பக்கத்து மருந்துக் கடையைக் காட்டினார். அங்கே கடையை ஒட்டியே ஒரு சின்ன அறையில் டாக்டர் உட்கார்ந்திருந்தார், நூறு பெசோவுக்குள் முடிந்துவிட்டது. சின்ன உபாதைகளுக்கு இப்படி ஒரு வழி இருப்பது முதல் நாளே தெரிந்திருக்கலாம். சைவம் சாப்பிடுகிறவர்கள் 'சின் கார்னே' என்று இறைச்சி வேண்டாம் என்பதோடு நிறுத்தாமல் 'சின் மந்தேகா' என்றும் சொல்லுங்கள், பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் தாளிப்பார்கள். அம்மாவுக்குப் பிடித்தது அவர்கள் ஊர் ஹபனேரோ மிளகாயை அரைத்த சட்னி. அதற்குப் பிறகுதான் அவர் ஒழுங்காகச் சாப்பிட்டார்.

அப்பா சொன்னதால் கணவரும் மகளும் மட்டும் ஒரு நாள் காலையில் மறுபடி சிச்சென் இட்சா போனார்கள். எட்டு மணிக்கு வாசல் திறக்கும்போதே நின்றார்கள். வரிசையே இல்லை. வியாபாரிகள் அப்போதுதான் மேசை போட்டுக்கொண்டிருந்தார்கள். பத்து மணிக்குள் வானத்தைக் கவனிக்க மாயன்கள் கட்டிய வான்காணகம், ஆயிரம் தூண்கள், புனிதக் கிணறு எல்லாம் பார்த்துவிட்டு, டூர் பஸ்கள் நுழையும்போது வெளியே வந்துவிட்டார்கள். அந்தக் கடைக்கார அம்மாளிடம் அப்பா நலம் என்று சொல்லி, ஒரு முகமூடி வாங்கி வந்தார்கள். ஆக, கான்கூனிலிருந்து போய் அன்றே திரும்பும் திட்டம் பெரியவர்களுக்கு ஒத்து வராது. முந்தின இரவே வாயாதோலித்தில் தங்கிவிடுங்கள். காலையில் முக்கால் மணி நேரம்தான்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரி, ஆம்புலன்ஸ், தள்ளிப் போட்ட விமான டிக்கெட், நீட்டித்த கார், கூடுதல் ஹோட்டல் எல்லாம் சேர்ந்து 5,500 டாலரைத் தாண்டியது. பெற்றோர் வந்தபோது எடுத்த விசிட்டர் இன்சூரன்ஸ் அமெரிக்காவுக்குள் மட்டும்தான் என்று முதலில் மறுத்தார்கள். பாலிசியின் உள்ளே, நடுவில் போகும் சிறு வெளிநாட்டுப் பயணத்துக்கு ஒரு வரம்புக்குள் உண்டு என்று ஒரு பத்தி இருந்தது. அதை அடிக்கோடிட்டு ஃபாக்துராவோடு அனுப்பி, மாதக்கணக்கில் விடாமல் எழுதி, ஆஸ்பத்திரிச் செலவில் பாதிக்கும் குறைவாக வாங்கினோம். டிக்கெட் வாங்கிய கார்டில் இருந்த பயண இன்சூரன்ஸிலிருந்து விமானம், ஹோட்டல் செலவில் ஒரு பகுதி வந்தது. கிளம்புமுன் உங்கள் பாலிசி மெக்ஸிகோவில் செல்லுமா, ஏற்கெனவே உள்ள வியாதியால் வரும் அவசரத்துக்குச் செல்லுமா என்ற இரண்டையும் மெயிலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

அப்பா இப்போது ஊரில் நன்றாக இருக்கிறார். மாத்திரையை டாக்டர் மாற்றிக் கொடுத்துவிட்டார். அடுத்து யுகடானிலேயே இருக்கும் இன்னொரு பழைய மாயன் நகரமான உஷ்மால் பார்க்க வேண்டும் என்கிறார். அங்கே செனோட்டேயே கிடையாது, மழைநீரைத் தரைக்கடித் தொட்டிகளில் தேக்கி வாழ்ந்தார்களாம், அது எப்படி என்று அவருக்குத் தெரிய வேண்டுமாம். அம்மா முதலில் முடியவே முடியாது என்றார், இப்போது ஜனவரி என்றால் சரி என்கிறார். யுகடான் தலைநகரான மெரிடாவில் தங்கி, காலை எட்டு மணிக்கு வாசலில் நிற்பதாக ஏற்பாடு. இந்த முறை டிரைவரோடு வண்டி பேசிக்கொண்டிருக்கிறோம்.